ரங்குவின் நடை

மாதுங்கா, பம்பாய்
10-2-1957

அண்ணாவுக்கு பத்மாஸினி அநேக நமஸ்காரம். இங்கே நானும் குழந்தை லீலாவும் க்ஷேமம்.

என் கையெழுத்தைப் பார்த்தால் கவரைப் பிரிக்காமலே வைத்துவிடுவீர்கள் என்று பயந்து, மேல்முகவரியை லீலாவை எழுத வைத்தேன். எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. உங்கள் தம்பியின் காரியத்துக்கு வந்தீர்கள். என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன்.

அவர் டைபாய்டில் போய் ஏழு வருஷம் ஆகிறது. அப்போது லீலா குப்புறக்கூட விழவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் கேசவமூர்த்தி ஒரு படம் போட்டுக் காட்டினார். அவர் உங்கள் தம்பியோடு ஒரே படக் கம்பெனியில் காமிரா வேலை பார்த்தவர். ஜூஹூ கடற்கரையில் தான் பிள்ளைகளோடு ஓடுகிற மாதிரி வேறொருவரை விட்டு எடுத்திருந்தார். லீலா கீழே வந்ததும் கேட்டாள்:

"அம்மா, நம்மாத்துல அப்பா நடக்கற படம் இருக்கா?"

"போட்டோதான் இருக்குடி."

"அப்பாவும் காமிராக்காரர்தானே? ஏன் இல்லை?"

"அப்பா காமிராவுக்குப் பின்னால இருந்தா. அதனால இல்லை."

"அப்போ அப்பா எப்படி நடப்பா?"

நான் எழுந்து அவர் மாதிரி கூடத்தில் நடந்து காட்டினேன். "போம்மா, இது நீ நடக்கறதுதான்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தினம் கேட்கிறாள். பக்கத்து வீட்டு மாமாக்கள் படி இறங்கும்போது பின்னாலேயே போய்ப் பார்க்கிறாள். "இப்படியா நடப்பா? இல்லே இப்படியா?"

அசையாத போட்டோக்களை வைத்துக்கொண்டு அசைகிற படம் பண்ணுகிறீர்கள் என்று கேசவமூர்த்தி சொன்னார். என்னிடம் இருக்கும் எல்லாப் படங்களையும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். அவள் அப்பா நடப்பதை அவள் ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

பத்மாஸினி


லக்ஷ்மிபுரம், மைசூர்
24-2-1957

பத்மாஸினிக்கு,

வழக்கம்போல 'சௌபாக்யவதி' என்று எழுதிவிட்டேன். பிறகு ஞாபகம் வந்து, தாளைக் கிழித்துப் போட்டு வேறு தாள் எடுத்தேன். இப்போது வெறும் பெயர். இதற்குள் பழகியிருப்பாய்.

குழந்தையை விட்டு முகவரி எழுத வைத்தது நல்ல யோசனை. உனக்கு யோசனைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

கேசவமூர்த்தி என் படங்களைப் பற்றி வேறென்ன சொன்னார் என்று நீ எழுதவில்லை. நானே சொல்கிறேன். போட்டோவை மேஜை மேல் வைத்து, நேர் மேலே காமிராவைத் தொங்கவிட்டு, ஒரு சட்டம், அதாவது பிலிமில் ஒரே ஒரு கட்டம், எடுக்கிறேன். போட்டோவை மயிரிழை நகர்த்துகிறேன். இன்னொரு சட்டம். பிறகு அடுத்த போட்டோ. ஓட்டிப் பார்த்தால் செத்துக் கிடந்தது மூச்சு விடும். போன வருஷம் சாமுண்டி மலைப் படிகளை இப்படி ஒரு படம் பண்ணினேன். மலை உச்சி வரை ஏறுகிற படம். கல்லூரியில் எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு மேலே போன ஒரு மனிதர் இங்கே பிலிம் கிளப்புக்குத் தலைவர். பார்த்துவிட்டு, "நாராயணன், இது சினிமா இல்லை, ஸ்லைடு காட்சி" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவன் பௌதிகத்தோடு நிற்க வேண்டும் என்று ஒருவர் புத்தி சொன்னார். அவர் பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உன் போட்டோக்கள் வந்தன. எல்லாவற்றிலும் ரங்கு லென்ஸைப் பார்த்து இளிக்கிறான். எதைப் பார்த்தாலும் அப்படித்தான். முகம் இருக்கிறது, தோள் இருக்கிறது, ஒன்றில் கை இருக்கிறது. இதை வைத்துத் தலையைத் திருப்ப வைக்கலாம், கண் இமைக்க வைக்கலாம். நடக்க வைக்க முடியாது. நடப்பதற்குக் கால் வேண்டும். அது உனக்குத் தெரிந்த விஷயம்.

உன் அப்பா என்னைப் பெண் பார்க்கக் கூப்பிட்ட அன்று, கூடத்து ஜமுக்காளத்துக்கு நான் வந்து சேர்வதற்குள் உள்ளே உன் தங்கை ஸரஸாவிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. "மேலுக்கோட்டைத் தேர் திரும்பற மாதிரி வரார்டி. முட்டுக்கட்டை போட ஆள் வந்திருக்கா பார்." ஸரஸா சிரித்ததும் விழுந்தது. என் இடது கால் குழந்தையிலேயே சூம்பியது; நான் கேட்டு வாங்கவில்லை. எனக்குத் துணையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பிடித்துப்போயிற்று உனக்கு. அடுத்த முகூர்த்தத்தில் உங்கள் கல்யாணம் முடிந்தது.

தலை திரும்பினால் போதும் என்றால் எழுது. செய்து அனுப்புகிறேன்.

செலுவநாராயணன்


மாதுங்கா
6-3-1957

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. எனக்குப் பதினேழு வயசு. வயசைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை, சொன்னேன், அவ்வளவுதான். நீங்கள் அதற்காக என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எழுதிவிட்டுப் படத்தைச் செய்யுங்கள்.

தலை திரும்பினால் போதாது. நடை வேண்டும். அவர் எப்படி நடப்பார் என்று நீங்கள் மறந்திருந்தால், எனக்கு ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன். உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு வேகமாகப் போவார். வலது கை எப்போதும் கோட்டுப் பைக்குள். யாரோ கூப்பிட்ட மாதிரி இடையில் சட்டென்று நின்று, தோளை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி நடப்பார். அந்தப் பழுப்புக் கோட்டும் தொப்பியும், காரியம் முடிந்தபின் அவர் சாமான்களோடு மைசூருக்கு வந்த பெட்டியில்தான் இருக்கின்றன. பழைய படங்கள் ஏதாவது அதற்குள் கிடந்தாலும் கிடக்கும். பாருங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் காலைப் பற்றி எங்கள் வீட்டில் யாராவது வாயைத் திறந்தால் அவர் எழுந்து போய்விடுவார். "அண்ணா பாவம், அவனை விட்டுடுங்கோ" என்பார். உங்கள்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

பத்மாஸினி


லக்ஷ்மிபுரம்
19-5-1957

பத்மாஸினிக்கு,

படம் முடிந்துவிட்டது. தனித் தபாலில் வரும். நீ சொன்னபடியே பெட்டியைப் பார்த்தேன். ரங்கு இங்கே இருந்தபோது குக்கரஹள்ளி ஏரிக்கரையில் யாரோ எடுத்த படங்கள், பின்பக்கமாக எடுத்தவை, ஒரு கட்டு கிடைத்தது. அடுத்தடுத்து எடுத்திருந்ததால் என் வேலைக்குத் தோதாக இருந்தது. அவன் திரும்பிப் பார்க்கும் இடத்தில் உன் போட்டோ முகத்தைச் சேர்த்திருக்கிறேன். ஒட்டு தெரியாது.

இதில் என் பெயர் போடவில்லை. உன் வீட்டுப் படத்தில் என் பெயர் எதற்கு?

இந்த பிலிமுக்கு நெகட்டிவ் கிடையாது. காமிராவில் ஓடிய சுருளையே கழுவி எடுத்தது. இது ஒன்றுதான் உண்டு. கேசவமூர்த்தியிடம் சொல்லிப் பார்த்து ஓட்டச் சொல்.

"அண்ணா பாவம்" என்று அவன் சொன்னதாக எழுதியிருந்தாய். தெரியப்படுத்தியதற்கு நன்றி.

செலுவநாராயணன்


மாதுங்கா
3-6-1957

அண்ணாவுக்கு அநேக கோடி நமஸ்காரம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் மாடியில் வேஷ்டியைத் திரையாகக் கட்டி கேசவமூர்த்தி படத்தை ஓட்டினார். அவர் மனைவி, பக்கத்து ஆத்துக்காரர்கள், எல்லோரும் இருந்தோம். முதலில் ஏரிக்கரை மட்டும். பிறகு திரையின் கீழேயிருந்து தொப்பி, தோள், கோட்டு. அவர் நடந்தார்.

கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் நடக்கிறார். ஆனால் அதுவே சரியாக இருந்தது. ஞாபகத்தில் ஒருத்தர் நடந்தால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. அந்த முன்சாய்வு. பைக்குள் கை. தோள் திரும்பி, முகம் வந்து, அந்தச் சிரிப்பு. நான் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டேன். அவர் நடைதான் அண்ணா, நான் எங்கே பார்த்தாலும் சொல்வேன். உங்கள் ஒருவரால்தான் இது முடியும். கூடப் பிறந்தவருக்குத்தான் தெரியும்.

லீலா அழவில்லை. முடிந்ததும் "இன்னொரு தடவை, மாமா" என்றாள். மறுபடி ஓட்டினார். அப்புறம் இன்னொரு தடவை. கேசவமூர்த்தி சொன்னார்: "போதும்டி குட்டி, லாம்பு வெடிச்சுடும். உங்கப்பாவுக்கும் கால் வலிக்காதா?" அவள் யோசித்துவிட்டு, "சரி, உக்காரட்டும்" என்றாள்.

இன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வலது கையைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, நாலு எட்டு வைத்து, நின்று, தோளைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

இன்னொரு விஷயம். கேசவமூர்த்தி, "ஏம்மா, இது சினிமா இல்லை. ஆனா எங்க கம்பெனியில எவனுக்கும் இது வராது" என்றார். தில்லியில் குறும்படங்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்களாம். அனுப்பலாமா என்று கேட்கிறார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நீங்கள் இங்கே ஒரு முறை வர வேண்டும். பெரியப்பா என்று ஒருவர் இருக்கிறார் என்று இதுவரை லீலாவிடம் நான் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது. நீங்கள் வந்தால் உங்களைக் காட்டிச் சொல்கிறேன்.

பத்மாஸினி


லக்ஷ்மிபுரம்
15-6-1957

பத்மாஸினிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 'அவர் நடைதான், நான் எங்கே பார்த்தாலும் சொல்வேன்' என்ற வரியை மட்டும் இன்னும் சில தடவை.

பெட்டியில் போட்டோ எதுவும் இல்லை. பூச்சி உருண்டையும், கோட்டும், தொப்பியும்தான் இருந்தன. ஏரிக்கரையில் அந்தக் கோட்டுக்குள் போவது ரங்கு இல்லை. நான்.

எப்படி என்று சொல்கிறேன், உனக்குச் சந்தேகம் இருக்கக்கூடாது. இடது காலில் மூங்கில் பட்டை வைத்து இடுப்பு வரை இறுக்கிக் கட்டி, மேலே கால்சராய் போட்டுக்கொண்டேன். வீட்டு வேலை செய்யும் தேவம்மாவிடம் காமிராவை இயக்கும் ரப்பர் பல்பைக் கொடுத்தேன். தடியை ஊன்றி ஒரு அடிக்கான நிலையில் நின்று, உடம்பைச் சாய்த்து, கையைப் பைக்குள் விட்டு, "ஹூம்" என்று சொல்லித் தடியை எறிவேன். நான் விழுவதற்குள் அவள் பல்பை அமுக்க வேண்டும். அமுக்கினாள். பிறகு நான் விழுவேன். "யாக்கே ஸ்வாமி இதெல்லா" என்று, எதற்கு இந்த வேலை என்று கன்னடத்தில் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டே தூக்கி நிறுத்துவாள். செத்தவர் கோட்டை முதலில் கழற்றுங்கள் என்பாள். அடுத்த அடி. விடியற்காலையில் ஏரியைச் சுற்ற வரும் பெரிய மனிதர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிலிம் கிளப் தலைவரும் ஒருநாள் பார்த்தார். சித்திரை முழுக்க இப்படியே போயிற்று. நீ வேஷ்டியில் பார்த்த ஒவ்வொரு அடிக்கும் நான் ஒரு முறை விழுந்திருக்கிறேன். நிற்கிற நொடிகளை மட்டும் அடுக்கினால் நடை. அந்தச் சுருளில் எனக்கு நொண்டல் கிடையாது.

எப்படி நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ரங்கு எப்படி நடந்தான் என்று நான் கவனித்ததில்லை. எனக்கு முன்னால் போகிறவர்களின் நடையை நான் பார்ப்பதில்லை. நீ எழுதிய நாலு வரியைத்தான் நடந்தேன். அதை நீ அடையாளம் கண்டு அழுதிருக்கிறாய். அப்படியென்றால் உனக்கு அவன் நடை மறந்துபோய் நாளாகிவிட்டது. உன் ஞாபகத்தில் இருப்பது உன் வாக்கியம் மட்டும். ஏழே வருஷம். தேர் மாதிரி வந்தவனை மட்டும் பதினைந்து வருஷமாக நினைவில் வைத்திருக்கிறாய் போலிருக்கிறது, படம் கேட்க நேராக அவனிடம் வந்தாயே.

உன் பெண் பாவாடை மடிப்பில் கையைச் செருகிக்கொண்டு யார் மாதிரி நடக்கிறாள் என்று இப்போது உனக்குத் தெரியும். சொல்லிவிடு. சொன்னால் அவள் அப்பாவுக்குத் தலை மட்டும்தான் மிஞ்சும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை அவள் "இன்னொரு தடவை" என்னும்போதும் நீ வேண்டாமென்று சிரித்தவன் உன் முன்னால் நேராக நடந்து வருவான். நீ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எது செய்தாலும் எனக்குச் சம்மதம்.

தில்லிக்குத் தாராளமாக அனுப்பச் சொல். இப்போது என் பெயர் போடலாம்: எம். செலுவநாராயணன், எம்.எஸ்ஸி.

பெரியப்பா என்று காட்டிச் சொல்வதாக எழுதியிருந்தாய். வரச் சௌகரியப்படாது.

செலுவநாராயணன்


மாதுங்கா, பம்பாய்
11-9-1957

ஸ்ரீ செலுவநாராயணன் அவர்களுக்கு,

மூன்று மாசமாகப் பதில் இல்லையே என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். படத்தைக் கொளுத்திவிட்டாளா, குழந்தையிடம் சொல்லி அழுதாளா என்று தெரிய வேண்டும் உங்களுக்கு. ஒரு நாள் கத்தரிக்கோலை எடுத்தேன். சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு சின்னச் சின்னக் கட்டங்களில் ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறார். கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். லீலா பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம்.

நீங்கள் எழுதியதில் ஒன்று நிஜம். எனக்கு அவர் நடை மறந்துவிட்டது. அதை எனக்குக் காட்ட ஒரு மாசம் விழுந்து எழுந்திருக்கிறீர்கள். ஆனால் மறந்தது எனக்குத்தான். லீலாவுக்கு மறக்க எதுவும் இருக்கவில்லை. அவளுக்கு இப்போது இருப்பது இதுதான். அவள் அப்பா ஏரிக்கரையில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நடக்கிறார், நின்று, அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாடியில் பார்க்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். முதல் இரண்டு வாரம் உங்களைத்தான் பார்த்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து அவரைத்தான் பார்க்கிறேன். இது உங்களுக்குப் புரியாது. வேண்டாததைத் தூக்கிப் போட்டுப் பழகாதவர் நீங்கள்.

நீங்கள் நின்ற நொடிகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. அவை ரங்கநாதனுடையவை. விழுந்தது மட்டும்தான் உங்களிடம் மிச்சம்.

கேசவமூர்த்தி தன் கம்பெனியில் படத்துக்கு ஒரு பிரதி எடுத்தார், அது தில்லிக்குப் போயிற்று. கேசவமூர்த்தி யார் பெயர் போடுவது என்று கேட்டார். உங்கள் தம்பி சாகிறதற்கு முன்னால் மைசூரில் தன்னையே ஒருவரை விட்டு எடுக்கச் சொல்லி, தானே கோத்து வைத்துப் போனது, பெட்டியில் கிடந்ததை நீங்கள் அனுப்பி மட்டும் வைத்தீர்கள் என்றேன். நம்பிவிட்டார், நம்பினதோடு, "ரங்குதான் இப்படி யோசிப்பான், எனக்கு அப்பவே தெரியும்" என்று அழுதார். 'படம்: எம். ரங்கநாதன்' என்று முன்னால் எழுதிச் சேர்த்திருக்கிறார். தேர்ந்தெடுத்துவிட்டார்கள். போன வாரம் காகிதம் வந்தது. அதில் இந்த மாதிரி ஒரு முயற்சியை இந்த நாட்டில் யாரும் செய்து பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறது. உங்கள் பிலிம் கிளப் தலைவருக்குப் படித்துக் காட்ட ஒரு பிரதி எடுத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். உங்கள் பெயர் அதில் இல்லாததால் அனுப்பவில்லை.

உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் தில்லிக்கு எழுதலாம். போட்டோக்கள் உங்களிடம் இருக்கின்றன, தேவம்மா இருக்கிறாள். அந்தக் கோட்டுக்குள் இருப்பது நான்தான் என்று எழுதுங்கள். படத்தில் போகிறவர் அவ்வளவு சுளுவாக நடக்கிறாரே, எங்கே கொஞ்சம் நடந்து காட்டுங்கள் என்பார்கள். பத்துப் பேர் முன்னால் நீங்கள் எழுந்து நடக்க வேண்டியிருக்கும். நான் அதைத் தடுக்க மாட்டேன்.

கார்த்திகையில் தில்லியில் படம் போடுகிறார்கள். லீலாவை அழைத்துக்கொண்டு நான் போகிறேன். அப்பா பெயர் பெரிய எழுத்தில் வரும் என்று இப்போதே வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். யாரும் வரலாம், டிக்கெட் இல்லை என்று காகிதத்தில் போட்டிருக்கிறது. நீங்களும் வரலாம். பெரியப்பா என்று அவளுக்கு யாரும் இல்லாததால் உங்களை யாரென்று கேட்க மாட்டாள். ஆனால் கால் முடியாதவர்கள் யாராவது வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறேன். விடுவாள்.

பத்மாஸினி ரங்கநாதன்